சுவருக்குள் விம்மல்

அந்தப் படிவத்தில் அதிர்வுக்கு இடமே இல்லை. குடிநீர், குப்பை, சாக்கடை, மரம், கழிப்பறை என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. தெருவின் பெரிய பிரச்சினை எதுவோ அதில் ஒரு டிக் போட வேண்டும். கீழே 'மற்றவை' என்று ஒரு கோடு. நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் சமுதாயப் பணிக் குழு, ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக இதைக் கொடுத்திருந்தது. பெரும்பாலோர் சாக்கடையில் டிக் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு படிவத்தில் மட்டும் ஐந்து கட்டங்களும் காலி. 'மற்றவை' கோட்டில் நீல மையில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்படி இப்படி எழுதியிருந்தது: "சுவர் அதிர்கிறது. காரணம் அறிய வேண்டும்."

குழுவின் ஒருங்கிணைப்பாளர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "இது உங்க டிபார்ட்மெண்ட் மேடம்."

நான் இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருப்பவள். இருபது வருடங்களுக்கு மேலாக அதே அறை, அதே அலமாரிகள். சமுதாயப் பணி என்றால் எனக்கு மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதுதான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் என்னை விடவில்லை. அதிர்வை நிறுத்த வேண்டும் என்று அவர் எழுதவில்லை. காரணம் அறிய வேண்டும் என்று எழுதியிருந்தார். செய்முறைத் தேர்வில்கூட மாணவர்கள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறி, ஒலி அளக்கும் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் அரசு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மகளோடு கோயம்புத்தூரில் இருந்தார். இவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால், ஒட்டியபடி, தகரக் கூரை போட்ட நீளமான தறி செட். பேண்டேஜ் துணி நெய்கிற பன்னிரண்டு தறிகள் உள்ளே ஓடின. தெருவில் நுழையும்போதே தடதடவென்று அந்தச் சத்தம் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்தும்விடும்.

"சத்தத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் அவர், நான் மீட்டரை எடுத்ததும். "தறி இருக்குன்னு தெரிஞ்சுதான் வீடு வாங்கினேன். சத்தம் அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. இது வேற. இங்கன வாங்க."

பின்னறையில், செட்டை ஒட்டிய சுவரோரம் ஒரு சிமெண்டு மேடை. அதில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். தண்ணீரின் மேல் மெல்லிய வட்டங்கள் ஓடின. வட்டங்கள் பெருகின. டம்ளரே லேசாகக் கிணுகிணுத்தது. பிறகு சிறிது சிறிதாக அடங்கி, தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. நான் நிமிரப் போனேன்.

"செத்த நேரம் பொறுங்க" என்றார்.

ஒரு நிமிடத்துக்குள் வட்டங்கள் மறுபடி தொடங்கின. பெருகி, உச்சத்துக்கு வந்து, மறுபடி அடங்கின.

"விம்மி விம்மி வருது பாத்தியளா? அழுத பிள்ளைக்கு மூச்சு வாங்குற மாதிரி."

எனக்குச் சிலிர்த்தது. அவர் சும்மா வாய்க்கு வந்த வார்த்தையைச் சொன்னார். ஆனால் தமிழ்வழி இயற்பியல் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயரே விம்மல்தான். ஏறக்குறைய ஒரே வேகத்தில் அதிரும் இரண்டு பொருள்கள் சேர்ந்தால், அவற்றின் அதிர்வு ஒரு சமயம் கூடிப் பெருகும். ஒரு சமயம் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். இரண்டு இசைக்கவைகளில் ஒன்றின் வேகம் சற்றுக் குறையும்படி மெழுகு ஒட்டி, இரண்டையும் தட்டி, எத்தனையோ வருடங்களாக மாணவர்களுக்கு அதைக் காட்டியிருக்கிறேன். ஆய்வகத்துக்கு வெளியே, ஒருவர் வீட்டுச் சுவரில், அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

"எப்பவும் இப்படித்தானா ஐயா?"

"அதுதான் இல்ல." அவர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். பஸ் வரும் நேரம், போகும் நேரம் எழுதிப் பழகிய கை. நாள், அதிர்வு தொடங்கிய நேரம், நின்ற நேரம், எது ஆடியது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். ஜன்னல் கண்ணாடி. அலமாரிக் கதவு. கட்டில் கால். சில நாள்கள் முழுக்கக் காலி. "செட்டு என்னமோ தெனமும் ஓடுது. ஆனா சுவரு சில நாளுதான் ஆடுது. ஏன்? அம்புட்டுத்தான் என் கேள்வி."

மீட்டரால் அன்று எனக்கு எந்தப் பயனும் இல்லை. டம்ளர் ஆடியபோதும் அடங்கியபோதும் அறையின் சத்தம் ஒரே அளவில்தான் இருந்தது. அப்படியானால் இது காற்றில் வரவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு கன்னத்தில் ஒட்டியதுதான் மிச்சம்.

செட்டின் முதலாளியைப் பார்க்கப் போனபோது அவர் முகம் மாறியது. நாற்பது வயதிருக்கும். என் கையில் இருந்த மீட்டரைப் பார்த்ததும், "பொல்யூசன் போர்டா?" என்றார்.

"இல்ல சார், காலேஜ்."

"பெரியவரு எழுதிப் போட்டாரா? மேடம், எங்கப்பா காலத்துலருந்து இங்க தறி ஓடுது. அவரு நேத்து வந்தவரு. தறி பக்கத்துல வீடு வாங்கிட்டு, சுவரு ஆடுதுன்னா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் யார்மேலும் புகார் எழுத வரவில்லை, எந்தத் தறியால் சுவர் ஆடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் வந்தேன் என்றேன். அவர் செட்டை ஒட்டிய தன் வீட்டுப் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். மோர் வந்தது. "தெரிஞ்சு என்ன செய்யப் போறீய?" என்றார்.

உள்ளே போகும் கதவைத் திறந்ததும் நான் ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன். மீட்டரின் திரையில் எண் சிவப்பாக மாறியது. சத்தம் காதில் கேட்டது என்று சொல்ல முடியாது, நெஞ்சில் இடித்தது. வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைத் தறிகள். ஒவ்வொன்றிலும் நூல் சுமந்த நாடாக்கட்டை இடமும் வலமும் பாய்ந்து அடித்தது. நடுச் சந்தில் மூன்று பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, நாலு தறி தள்ளி நின்றவர் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சுவரோரத் தறிகளில் நாலு ஒரு அம்மாவின் பொறுப்பில் இருந்தன. ஐம்பதை நெருங்கும் வயது, என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். சேத்தூரில் பிறந்து இந்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர். செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். முதலாளி அவரிடம் உதட்டால் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வெளியே கை காட்டினார்.

வெளியே வந்து, அக்கா, பின் வீட்டுச் சுவர் ஆடுகிறது, எந்தத் தறியால் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தச் சுவரு? காட்டுங்க."

அப்படித்தான் அவர் அந்த வீட்டுக்குள் வந்தார். பக்கத்துச் செட்டில் வருடக்கணக்காக வேலை பார்த்தும் அவர் அங்கே கால் வைத்ததில்லையாம். டைம் கீப்பர் நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை. பின்னறைச் சுவருக்குப் போய், இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டங்கள் பெருகத் தொடங்கின.

"இது மூணாம் நம்பரு" என்றார் அவர். "கூட நாலாம் நம்பரும் அடிக்குது. இப்ப ரெண்டும் ஒண்ணா அடிக்குது. இப்ப... இப்ப பிரியுது. நாலு கொஞ்சம் முந்திப் போவுது பாத்தியளா? பிரிஞ்சிருச்சு."

தண்ணீர் அடங்கியிருந்தது.

ஒரு பாடத்தை நான் கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து நடத்துவேன்; அவர் கையை வைத்துச் சொல்லிவிட்டார். "எப்படிக்கா தெரியுது?" என்று கேட்டேன். மீட்டரைப் பைக்குள் வைத்தபடி, குனிந்துகொண்டு கேட்டேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேராப் பாத்துப் பேசுங்க டீச்சர். குனிஞ்சு பேசுனா எனக்குத் தெரியாது."

அதை வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். தறியில் நின்றால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்றார். பிள்ளைகள் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுமாம். மழை பெய்வது மண் வாசத்தில்தான் தெரியுமாம். "ஆனா தறிய எனக்குக் காதால பாக்க வேண்டாம். உள்ளங்கால்ல தெரியும். நூலு அறுந்தா, நாடா லேசா தட்டுனா, எல்லாம் கால்ல வந்துரும். அதான் செருப்புப் போடுறதில்ல."

டைம் கீப்பர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்து அவர் செட்டுக்குள் போயிருக்கிறார் என்று தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மாவுக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக, "உள்ள எப்பிடிம்மா நிக்கிய?" என்றார்.

"பழகிரும் அண்ணாச்சி" என்றார் அவர்.

அன்று மாலை நாங்கள் மூவரும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல பரிசோதனை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். டைம் கீப்பர் காலியான நாள்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். தேதி சொன்னால் அந்த அம்மாவுக்கு நினைவு வரவில்லை; அந்த வாரம் ஊரில் என்ன நடந்தது என்று சொன்னால் வந்தது. ஆண்டாள் கோயில் தேர் ஓடிய வாரமா? அப்போதுதான் நாலாம் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்துவிட்டது. புதுப் பாவு ஏற்றி, பழைய நூலோடு இழை இழையாக முடிச்சுப் போட இரண்டு நாள் ஆனது. கரண்டு கம்பி மாற்றிய அன்றைக்கா? மூணாம் தறியின் பெல்ட் அறுந்து கிடந்தது. தன் கொழுந்தன் மகள் சடங்குக்கு அவர் லீவு போட்ட நாள்? அன்றைக்கு மாற்று ஆள் இல்லை, நாலு தறியும் நின்றன. மூன்றும் நாலும் சேர்ந்து ஓடாத நாள்கள்தான் நோட்டில் காலியாக இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. அந்தக் காலி நாளுக்கு டைம் கீப்பரே கொஞ்சம் கூச்சத்துடன் விடை சொன்னார்: அன்று அவர் மனைவியைப் பஸ் ஏற்ற ராஜபாளையம் போய்விட்டார், எழுத ஆளில்லை.

"சரி, வீடு வாங்கின புதுசுல ஆடலையாமே, அது ஏன்?" என்று கேட்டேன். "தறி முன்னாலயும் அங்கனதான இருந்துச்சு?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "தரைதான் டீச்சர். முன்ன மண்ணுத் தரை. பேண்டேஜு துணியில தூசி படக்கூடாதுன்னு மொதலாளி புதுசா சிமெண்டு போட்டாவ. அதுக்குப் பொறவுதான் கால்ல எம்புட்டோ கூட அடிக்குது. மொத மாசம் முட்டி வலிச்சு ஒக்கார முடியல."

மறுநாள் போய்ப் பார்த்தேன். புதுத் தரை அந்தப் பொதுச் சுவரை இறுகத் தொட்டுக்கொண்டு நின்றது. மண் விழுங்கிக்கொண்டிருந்த அடியை எல்லாம் சிமெண்டு அப்படியே சுவருக்குக் கடத்திக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. டைம் கீப்பர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரிந்த பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? நான்தான் அவசரப்பட்டேன். தறிக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் குழு மாணவர்கள் நல்ல தடிமனான, மெத்தென்ற ரப்பர் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். முதலாளி முணுமுணுத்தபடி சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூணாம் நம்பரை நிறுத்திவைத்து, தூக்கி, அடியில் ரப்பரை வைத்தோம்.

திங்கட்கிழமை காலை தறியை ஓட விட்டபோது நான் அங்கேயே இருந்தேன். தறி ஆடியது. மெத்தை மேல் நிற்கும் ஆளைப்போல இங்கும் அங்கும் அலைந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கையை வேகமாக ஆட்டினார். எனக்குப் புரியவில்லை. அடுத்த கணம் நாடாக்கட்டை தறியை விட்டுத் தெறித்துப் பறந்து, எதிர்ச் சுவரில் மோதி விழுந்தது. நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் மூன்றடி இருக்கும். அவர் தறியை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஒதுங்குங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்! ஒங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உதட்டால் சொன்னதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் செட்டுக்குள் நான்தான் செவிடு.

முதலாளி ரப்பரைக் கழற்றி வாசலில் எறிந்தார். "வேண்டாம் மேடம். நல்லதுன்னு வந்தீய. ஆனா யாரு கண்ணுலயாவது பட்டிருந்தா?" நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருங்கிணைப்பாளர், அந்தத் தெருவில் சாக்கடை வேலை முடிந்துவிட்டது, அறிக்கை எழுதி முடித்துவிடலாமா என்று கேட்டார். நான் இன்னும் ஒரு வாரம் கேட்டேன்.

என்னை மறுபடி கூப்பிட்டது டைம் கீப்பர்தான். போனில் சுருக்கமாகச் சொன்னார்: "அந்தம்மா ஒரு யோசனை சொல்லுதாவ. வந்து கேட்டுட்டுப் போங்க."

அந்த அம்மாவின் யோசனை எளிமையானது. தறியை எதற்கு மெத்தையில் நிறுத்த வேண்டும்? தறி அசையாமல் நிற்க வேண்டும். அது போட்ட அடி மட்டும் சுவருக்குப் போகக் கூடாது. அதனால் சுவரோரம் சிமெண்டை ஒரு கை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, பழையபடி மண்ணைப் போட்டால் என்ன? "தரையும் சுவரும் தொடாம இருந்தாப் போதும்லா?" என்றார். நான் அவரிடம், அதோடு தறிக் காலுக்கு மெல்லிய, கெட்டியான பட்டை வைத்தால் உங்கள் முட்டிக்கும் நல்லது என்றேன். ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டுகள் கிடைத்தன. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கெட்டி. இந்த முறை முதலில் ஒரு காலுக்கு மட்டும் வைத்து, அவர் தரையில் நின்று 'சரி' என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனோம்.

முதலாளியைச் சம்மதிக்க வைத்தது நானில்லை. "அடி கொறஞ்சா நாடாவும் தேயாது, நட்டும் கழலாது மொதலாளி" என்று அந்த அம்மா சொன்னதும் அவர் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

தரை வெட்டி முடித்த அன்று நாங்கள் பின்னறையில் கூடி நின்றோம். டைம் கீப்பர், முதலாளி, இரண்டு மாணவிகள், நான். முதலாளியும் முதன்முறையாக அந்த வீட்டுக்குள் வந்திருந்தார். மேடையில் டம்ளர். செட்டில் மூணாம் தறி கிளம்பியது, பிறகு நாலாம் தறி. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தண்ணீரின் விளிம்பில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சுருக்கம் வந்து போனது. டம்ளர் கிணுகிணுக்கவில்லை.

"முழுசா போகல" என்றார் முதலாளி.

"போகாது" என்றார் டைம் கீப்பர். "எனக்கு இது போதும்." அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கொஞ்சம் ஏமாற்றம்தான் இருந்ததுபோல எனக்குப் பட்டது. இத்தனை மாதம் துரத்திய ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் அப்படித்தான் இருக்கும்போல. சாயங்காலம் அவர் என்னிடம் வேறு ஒரு கேள்வி கேட்டார்: "சுவருக்கு வழி கண்டாச்சு. உள்ள நிக்கிறவியளுக்கு?"

அந்தக் கேள்விதான் அடுத்த ஆறு மாதம் என்னைப் பிடித்துக்கொண்டது. வெட்டிய தரையால் செட்டுக்குள் சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. மீட்டர் அதே சிவப்பைத்தான் காட்டியது. தெருவில் நாங்கள் நடத்தும் அடுத்த முகாமுக்குக் காது பரிசோதிப்பவர்களை மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று குழுவில் பேசினேன். மரக்கன்று நடுவதற்கு வரும் உற்சாகம் இதற்கு வரவில்லை. போட்டோவில் காட்ட ஒன்றும் இல்லையே. ஆனால் நடந்தது. அந்தத் தெருவின் தறிக்காரர்கள் வரிசையாக வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கினார்கள். பலருடைய விரல்கள் வெகுநேரம் மடியிலேயே கிடந்தன.

காது மூடிகள் வாங்கிக் கொடுத்தோம். இளம்பெண்கள் இருவர் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் தலைவலி இல்லை என்றார்கள். ஒருவர், வேர்க்கிறது, கொண்டை கலைகிறது என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்த அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "போனத மூடி என்ன டீச்சர் ஆகப் போவுது?" மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றார். இப்போது பாதி நாள் போடுகிறார், பாதி நாள் போடுவதில்லை. நான் போகும் நாளில் மட்டும் போடுகிறாரோ என்று ஒரு சந்தேகம்.

முகாமில் தருவதாகச் சொன்ன காது கேட்கும் கருவியை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பொருத்துவதற்காக ஒரு நாள் எங்கள் வளாகத்துக்கு வரவேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் நானே போய்க் கூட்டிவந்தேன். பொருத்துகிற பெண் ஒரு சிறு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே, கேட்கிறதா, கேட்கிறதா என்று பின்னால் நின்று கேட்டார். திடீரென்று அந்த அம்மா தோளைக் குலுக்கித் திரும்பினார். "ஏன் காதுக்குள்ள வந்து கத்துறீய?" என்றார். பிறகு அவரே தன் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு சத்தமாகவா இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தேன் என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது வேப்பமர நிழலில் வாசல்வரை நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். வளையலைக் குலுக்கிப் பார்த்தார். காய்ந்த இலையை மிதித்துவிட்டு, பின்னால் போய் இன்னொரு முறை மிதித்தார்.

"டீச்சர், அது என்ன? கீச்சு கீச்சுங்குது."

காது கொடுத்துக் கேட்டேன். அணில் இல்லை. குருவியும் இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப கேக்குதாக்கா?"

"இப்ப இல்ல. நடங்க." நடந்தேன். "இந்தா! கேக்குது." நின்றேன். "நின்னுருச்சு." அவர் என் புடவைக் கரையை விலக்கிக் குனிந்து பார்த்தார். "ஏட்டி, உன் செருப்புதான்!" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒங்க செருப்புதான் டீச்சர்" என்று திருத்தினார்.

அதைக் கழற்றி, வளைத்துப் பார்த்தேன். உண்மைதான். வலது செருப்பின் வார் ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டது. ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. இருவரும் நடைபாதையில் நின்று சிரித்தோம். காவலாளி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

ராஜபாளையம் பஸ்ஸில் அவரை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டிரைவர் ஏறி, பாட்டைப் போட்டு, ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கருவியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பர்ஸுக்குள் வைத்தார்.

"பஸ் சத்தம் தாங்க முடியல டீச்சர்" என்றார் ஜன்னல் வழியாக. சத்தமாகத்தான்.